கோடு வரைக்கும் எச்சில்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்ஸ் அட்டையில் மட்டும்தான் இருந்தது. டிரைவிங் ஸ்கூலுக்கு வந்த அத்தனை பேருக்கும் அவள் பிரேக் அக்கா. கார் பழக்கும் வண்டியில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும். பழகுகிறவர் தடுமாறினால் பழக்குகிறவர் மிதிக்க வேண்டும். அதை வைத்துத்தான் அந்தப் பெயர். ஆனால் முக்கால்வாசி நேரம் அவளுடைய காலுக்கு வேலையே இருக்காது. “மெதுவா, மெதுவா, முன்னால பாருங்க, அந்தச் சைக்கிள்காரருக்கும் வீடு வாசல் இருக்கு” என்று அவள் வாயாலேயே வண்டியை நிறுத்திவிடுவாள். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். அவளுக்குச் சொல் போனால் பிழைப்பே போச்சு.

அப்படிப்பட்டவளுக்குத்தான் பல் கெட ஆரம்பித்தது. மேல்பக்கம் இல்லை, ஈறை ஒட்டி, அடியில். முதலில் பழுப்பாக ஒரு கோடு, பிறகு பள்ளம், பிறகு நாக்கு நுனி போய்ப் போய்த் தடவுகிற ஓட்டை. காலையும் இரவும் விடாமல் பல் தேய்க்கிறவள் அவள். அவளுடைய வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பல் தேய்ப்பது என்றால் அவருக்குப் பிரஷ்ஷை வாயில் காட்டி வெளியே எடுப்பது. படுக்கையில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றபடியே தூங்கிப்போகிற ஆள். அவருக்கோ பல்வரிசை கொத்தனார் பார்த்துப் பார்த்துப் பதித்த கல் மாதிரி இருந்தது. இந்த அநியாயத்தை நினைத்தாலே அவளுக்கு வயிறு எரியும்.

பல் டாக்டரம்மாவின் கிளினிக் மருந்துக்கடைக்கு மேல்மாடியில். வாயைத் திறந்து காட்டியதுமே டாக்டரம்மா ஒரு பெருமூச்சு விட்டார்.

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை பல் தேய்க்கிறீங்க?”

“ரெண்டு தடவை டாக்டர்.”

“நிஜமாவா?”

“நிஜமாத்தான்.”

“இனிப்பு சாப்பிடுவீங்களா?”

“அதிகமில்ல. பெப்பர்மிண்ட் மட்டும்தான். வண்டியில இருக்கும்போது வாயில ஒண்ணு கிடக்கும்.”

“வண்டியில எவ்வளவு நேரம் இருப்பீங்க?”

“காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும்.”

“அதானே பார்த்தேன்” என்று டாக்டரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். “நாள் பூராப் பல்லைச் சர்க்கரையில ஊறப்போட்டுட்டு, ரெண்டு தடவை தேய்க்கிறேன்னா என்ன பிரயோஜனம்?”

எதற்காகப் பெப்பர்மிண்ட் போடுகிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்கவில்லை. வாய் ஒட்டிக்கொள்கிறது, நாக்கு மேலண்ணத்தில் போய் அப்பிக்கொள்கிறது, அதனால்தான் என்று அவளும் சொல்லவில்லை. நாள் முழுக்கக் கத்துகிற எல்லோருக்கும் வாய் உலரும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். தவிரவும், நாக்கு உலர்ந்தால் வாயில் ஒரு வாடை வருகிறது. மூடிய காருக்குள் பக்கத்தில் இருப்பவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டால், சாலையைப் பார்க்கிறாரா தன்னைத் தவிர்க்கிறாரா என்று தெரியாது. கார் பழக வந்த ஒரு பெண் ஆபீஸில் போய், “அந்த அக்கா வேண்டாம், வேற ஆள் போடுங்க” என்று கேட்டதும், காரணம் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டதும் அவள் காதுக்கு வந்திருந்தது. இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது?

பெப்பர்மிண்டை அன்றோடு நிறுத்தினாள். மூன்று மாதம் வாய் காய்ந்து கிடந்தது. திரும்பப் போனபோது புதிதாக இரண்டு சொத்தை.

“பெப்பர்மிண்டை நிறுத்தலையா நீங்க?” என்றார் டாக்டரம்மா.

“தொடவே இல்ல டாக்டர்.”

டாக்டரம்மா அவளை ஒரு பார்வை பார்த்தார். சாட்சி சொல்ல வந்தவரை வக்கீல் பார்க்கிற பார்வை. பிறகு ஒரு சீட்டு எழுதினார்.

“எச்சில் டெஸ்ட் ஒண்ணு எடுத்துருவோம். ஊசி கிடையாது, ரத்தம் கிடையாது, வலியே இல்ல. குழாயில துப்பினாப் போதும். சொத்தை உண்டாக்குற கிருமி எவ்வளவு இருக்கு, புளிப்பு எவ்வளவு, வாய்க்குள்ள பூஞ்சை இருக்கான்னு எல்லாம் சொல்லிரும். வைத்தியம் ஆரம்பிச்ச பிறகு மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்தா, மருந்து வேலை செய்யுதான்னும் தெரிஞ்சுக்கலாம். இதைவிடச் சுலபமான டெஸ்ட் உலகத்துலயே கிடையாது.”

லேபில் அவளிடம் விரல் நீளத்துக்கு ஒரு குழாயைக் கொடுத்தார்கள். பாதிக்குக் கொஞ்சம் மேலே நீலக் கோடு. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் ஒப்பித்தாள். “காலையில எதுவும் சாப்பிடலையே? பல் தேய்க்கலையே? தண்ணி குடிச்சு ஒரு மணி நேரம் ஆச்சா? அப்போ அங்க உட்கார்ந்து இந்தக் கோடு வரைக்கும் துப்பிக் கொடுங்க. நுரை கணக்கில்ல.”

அக்கா மூலையில் ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தாள். அவளுக்கு எதிரில் ஒரு தாத்தா குழாயை வாங்கினார், தொண்டையைக் கனைத்தார், நிரப்பினார், கொடுத்துவிட்டுப் போனார். பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பெண் குழந்தை சிரித்துக்கொண்டே நிரப்பினாள். அக்கா கன்னத்தை உறிஞ்சினாள். தாடையை அசைபோட்டாள். நாக்கைப் பல்லுக்குப் பின்னால் உருட்டினாள். வந்தது ஒரு பிசின் நூல். அது உதட்டிலிருந்து குழாய்க்கு இறங்காமல் நடுவில் தொங்கிக்கொண்டு நின்றது. வெகுநேரம் கழித்து அவள் எழுந்துபோய்க் குழாயைக் காட்டினாள். அடிப்பாகம்கூட நனைந்திருக்கவில்லை.

“இது போதாதும்மா.”

“எனக்கு இவ்வளவுதான் வருது.”

“இவ்வளவை வச்சு மெஷின்ல போட முடியாது. நாளைக்கு வாங்க. எலுமிச்சம்பழத்தை நினைச்சுப் பாருங்க, தானா ஊறும்.”

மறுநாள் காலை வகுப்புகளை மாற்றிவைத்துவிட்டுத் திரும்பவும் போனாள். எலுமிச்சம்பழத்தை நினைத்தாள். ஒரு கூடை எலுமிச்சம்பழத்தை நினைத்தாள். போதாது. அடுத்த வாரம் இன்னொரு தடவை. அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கே இரக்கம் வந்துவிட்டது.

“உங்களுக்கு நாலு பேர் முன்னால கூச்சமா இருக்கு போல. குழாயை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி, காலையில எடுத்துட்டு வந்து கொடுங்க.”

“கூச்சமா? நடு ரோட்டுல லாரிக்காரனோட மல்லுக்கு நின்னவ நான்” என்று முணுமுணுத்துக்கொண்டே அக்கா குழாயைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். மூன்று தடவை போதாது என்று திருப்பி அனுப்பியதை லேபில் யாரும் டாக்டரம்மாவுக்குச் சொல்லவில்லை. மாதிரி வந்தால் அறிக்கை போகும், மாதிரி வராவிட்டால் ஒன்றும் போகாது. அதுதான் அங்கே வழக்கம்.

மறுநாள் காலையில் சமையலறையில் வீட்டுக்காரர் ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்கி, அவள் மூக்குக்கு முன்னால் பிழிந்து காட்டினார். கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“அம்மா, எனக்கே ஊறுது” என்று வாயைப் பொத்திக்கொண்டாள் மகள்.

“எனக்கும்தான்” என்று வீட்டுக்காரர் விழுங்கினார். “உனக்கு?”

அக்காவுக்குக் கண்ணில்தான் நீர் வந்தது. வாயில் ஒன்றும் இல்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். லேபில் மாதிரி வாங்குகிற நேரம் முடியப்போகிறது, ஸ்கூலில் முதல் ஆள் காத்திருப்பார். குழாயை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னாள்.

“ஊர்ல போறவன் வர்றவன் எல்லாம் சுவருக்குச் சுவர் துப்பி வைக்கிறான். எனக்கு ஒரு குழாய் துப்ப வக்கில்ல. இத்தனை வயசுல இப்படித் துப்புக் கெட்டவளா ஆயிட்டேனே.”

“இங்க கொடு” என்றார் வீட்டுக்காரர். அவள் ஏன் என்று கேட்பதற்குள் குழாயை எடுத்து, திரும்பி நின்று, ஒரே மூச்சில் கோட்டைத் தாண்டி நிரப்பி மூடியைத் திருகிவிட்டார்.

“என்னங்க இது?”

“ஒரே வீட்டுல இத்தனை வருஷமாக் குடித்தனம் பண்றோம். ஒரே தண்ணி, ஒரே சாப்பாடு. உன் எச்சில் என்ன, என் எச்சில் என்ன? கொண்டுபோய்க் கொடுத்துட்டு வேலையைப் பாரு.”

“அப்பா, அது தப்புப்பா” என்றாள் மகள்.

“தப்புன்னு எனக்கும் தெரியும். நீ காலேஜுக்குக் கிளம்பு” என்றாள் அக்கா. சொல்லிவிட்டு, கொண்டுபோய்க் கொடுத்தும் விட்டாள். அந்த நேரத்தில் அவளுக்கு வேண்டியதெல்லாம் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கிறவள் ‘போதாது’ என்று சொல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அறிக்கை வந்தது. டாக்டரம்மா அதை இரண்டு தடவை படித்தார்.

“உங்க எச்சில் அருமையா இருக்கு. கிருமி ரொம்பக் குறைவு, புளிப்பு சரியா இருக்கு, பூஞ்சை இல்ல. இவ்வளவு நல்ல எச்சிலை வாயில வச்சுக்கிட்டு ஒருத்தர் பல்லை இந்தக் கதிக்குக் கொண்டுவரணும்னா, அதுக்குத் தனித் திறமை வேணும்மா. எங்கிட்ட எதையோ மறைக்கிறீங்க. ராத்திரியில ஏதாவது இனிப்புச் சாப்பிடுறீங்களா?”

அக்காவின் காது சுட்டது. ராத்திரியில் பிஸ்கட் தின்கிறவர் யார் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் மற்றதும் வெளியே வரும். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா பல் தேய்ப்பது எப்படி என்று ஒரு பிளாஸ்டிக் பல்செட்டை வைத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் காட்டுவதுபோலக் காட்டினார். அவளும் தலையாட்டிக்கொண்டே பார்த்தாள்.

வீட்டுக்கு வந்தால் அதைவிடக் கொடுமை. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட வீட்டுக்காரர் கண்ணாடிமுன் நின்று பல்லைக் காட்டிப் பார்த்துக்கொண்டார்.

“அருமையா இருக்குன்னே சொன்னாங்களா? அந்த வார்த்தையேவா?”

“உங்களைத்தான் காட்சிக்கு வைக்கணும்.”

“அப்பா காலத்துலேருந்தே எங்க பரம்பரைக்கு வாய் சுத்தம்.”

அவள் அன்று அவரோடு பேசவில்லை. பேசலாம் என்றாலும் பேச முடியாதபடி அன்று வாய் அவ்வளவு உலர்ந்திருந்தது. சோற்றை விழுங்க ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் வேண்டியிருந்தது. நாக்கின் ஓரங்கள் மிளகாய் பட்டதுபோல எரிந்தன. பக்கத்தில் கிடந்தவர் நிம்மதியாகக் குறட்டை விட்டார். இரவில் எழுந்து உட்கார்ந்து, என் பல்லை நானே கெடுத்துக்கொள்கிறேன் என்று டாக்டர் நம்பிவிட்டாரே என்று நினைத்தாள். கொஞ்சநேரம் கழித்து, ஒருவேளை உண்மையிலேயே நான்தான் ஏதோ தப்பாகச் செய்கிறேனோ என்றும் நினைத்தாள். அந்த நினைப்புத்தான் எல்லாவற்றையும்விட அவளைச் சோர வைத்தது.

இப்படியே ஒரு மாதம் ஓடியது. கணக்கு டீச்சர் ஒருவர் அப்போது அவளிடம் கார் பழகிக்கொண்டிருந்தார். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை ஒரு முறைப்பில் உட்கார வைக்கிறவர். ஸ்டீரிங்கைப் பிடித்தால் மட்டும் அடிக்கொரு தடவை அக்காவின் முகத்தைப் பார்ப்பார். ஒருநாள் ரவுண்டானாவுக்குள் நுழைந்த பிறகு, எந்தப் பக்கம் வெளியேறுவது என்று தெரியாமல் டீச்சர் நடுவில் தயங்கினார். அக்கா “நிக்காதீங்க, போங்க” என்று சொல்ல வாயைத் திறந்தாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தது. காற்றுத்தான் வந்தது. டீச்சர் என்ன என்று திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். அந்த ஒரு நொடியில் வண்டி பக்கத்து வரிசைக்குள் சாய்ந்தது. அக்கா தன் பிரேக்கை ஓங்கி மிதித்தாள். பின்னால் வந்த லாரி கீச்சென்று ஒரு முழம் இடைவெளியில் நின்றது. மிதித்த வேகத்தில் அவள் பல்லைக் கடித்திருக்கிறாள். முன்பல் ஒன்று ஈறை ஒட்டி முறிந்து மடியில் விழுந்தது.

யாருக்கும் அடியில்லை. டீச்சர் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு அழுதார். அதற்கும் ஆறுதல் சொல்ல அக்கா முதலில் தண்ணீர் பாட்டிலைத் தேட வேண்டியிருந்தது.

சாயங்காலம் ஸ்கூல் முதலாளி கூப்பிட்டார். “ஏம்மா, டீச்சர் ரொம்பப் பயந்துட்டாங்க. நீ ஒரு வார்த்தை சொல்லாம திடீர்னு பிரேக்கை அடிச்சியாமே? வாயைத் திறந்து சொல்லிக்கொடுக்கத்தானே நீ இருக்கே?”

“சொல்ல வந்தேன் சார். வாய் வரல.”

“வாய் வரலன்னா?”

அவள் முறிந்த பல்லை ஒரு டிஷ்யூ காகிதத்தில் சுற்றி வைத்திருந்தாள். அதை முதலாளியிடம் காட்டுவதா என்று யோசித்தாள். காட்டவில்லை. நேராகக் கிளினிக் மாடியேறிப் போனாள்.

டாக்டரம்மா கிளம்புகிற நேரம். பல்லைப் பார்த்ததும் திரும்ப உட்கார்ந்தார். அக்கா நாற்காலியில் சாயாமல் நின்றபடியே சொன்னாள்.

“டாக்டர், முதல்ல நான் ஒண்ணு சொல்லிடறேன். அந்த எச்சில் என்னோடது இல்ல.”

“எந்த எச்சில்?”

“டெஸ்ட் எடுத்தது. என் வீட்டுக்காரரோடது.”

டாக்டரம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முகம் சிவந்தது. “அப்போ இத்தனை நாளா நான் யாருக்கு வைத்தியம் பார்த்தேன்? உங்க வீட்டுக்காரருக்கா? விளையாட்டா இருக்கா உங்களுக்கு? அதை நம்பி உங்களுக்கு எழுத வேண்டிய மருந்தை எழுதாம விட்டேன், தெரியுமா?”

“தெரியாம செஞ்சது இல்ல, தெரிஞ்சுதான் செஞ்சேன். வேற வழியில்ல. எனக்கு வரவே இல்லையே. மூணு காலை வேளை போய் உட்கார்ந்தேன். போதாது போதாதுன்னு துரத்தி விட்டாங்க.”

“மூணு தடவையா?” டாக்டரம்மாவின் குரல் இறங்கியது. “எவ்வளவு வந்தது?”

“குழாயோட அடி நனையல.”

“எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீங்க?”

“எனக்குப் பின்னால வந்தவங்க எல்லாம் கொடுத்துட்டுப் போற வரைக்கும்.”

டாக்டரம்மா அலமாரியைத் திறந்து ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்தார். “துப்ப வேண்டாம். தலையைக் குனிஞ்சு வாயைத் திறந்து வச்சுக்கோங்க. வர்றது தானா சொட்டட்டும்.” சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். நேரம் போனது. ஒரே ஒரு சொட்டு, அதுவும் பாதி வழியில் குழாயின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. அடுத்து மெழுகு மாதிரி ருசியே இல்லாத ஒரு துண்டைக் கொடுத்து மெல்லச் சொன்னார். மென்றபோது கொஞ்சம் கசிந்தது. கோட்டுக்கு வெகுகீழே. ஆனால் கசிந்தது.

“சுரப்பி செத்துப்போகல” என்றார் டாக்டரம்மா. “ஏதோ ஒண்ணு அதை அமுக்கி வச்சிருக்கு. எச்சில்தான்மா பல்லைக் கழுவிக்கிட்டே இருக்கிற தண்ணி. அது இல்லாம நீங்க எத்தனை தடவை தேய்ச்சாலும் பல் இப்படித்தான் போகும். வரவே இல்லங்கிறதுதான் உங்க டெஸ்ட் ரிசல்ட். அதை எங்கிட்ட யாருமே சொல்லல. நானும் கேக்கல.” அவர் லேபுக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தார். எதிர்ப்பக்கம் என்ன சொன்னார்களோ, “வழக்கமா? நல்ல வழக்கம்” என்று போனை வைத்தார்.

பிறகு திரும்பிக் கேட்டார். “நீங்க என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?”

“ஒண்ணும் இல்ல.”

“சுகர், பிரஷர்?”

“இல்ல.”

“வேற எதுக்காவது? எதுவா இருந்தாலும் சொல்லுங்க.”

அக்கா கதவைப் பார்த்தாள். வெளியே உதவியாளர் மேசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். அக்கா போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“ஒண்ணுக்கு அடக்குறதுக்கு ஒரு மாத்திரை.”

இரண்டு வருஷமாகச் சாப்பிடுகிறாள். காரில் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒருவர் இறங்க ஒருவர் ஏறுவார்கள். சாலையில் பெண்கள் போக இடம் கிடையாது. முதலில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். பிறகு அடிக்கடி வருகிற மாதிரியும், வந்தால் தாங்க முடியாத மாதிரியும் ஆனது. ஒருநாள் ஒரு இளைஞனுக்கு ரிவர்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது இருக்கையிலேயே போய்விட்டது. அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வண்டியை விட்டு இறங்காமலே அவனை அனுப்பிவைத்தாள். மறுநாளே சிறுநீர் டாக்டரிடம் போனாள். அவர் கொடுத்த மாத்திரை கேட்டது. அதற்குப் பிறகு அப்படி நடக்கவில்லை.

“வாய் பார்க்கிற டாக்டர்கிட்ட எதுக்கு அந்த இடத்துச் சமாச்சாரத்தைச் சொல்லணும்னு விட்டுட்டேன்” என்றாள்.

“அந்த மாத்திரைதான் உங்க வாயைக் காயப்போடுது” என்றார் டாக்டரம்மா. “கீழ ஒரு குழாயை அடைக்கும்போது மேல இருக்கிற குழாயையும் சேர்த்து அடைச்சிருது. நீங்களா நிறுத்திராதீங்க. அவரைப் போய்ப் பாருங்க, நான் எழுதித் தர்றேன்.”

அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. காரணம் தெரிந்துவிட்டது, சரி. ஆனால் முன்னால் போனால் கடிக்கிறது, பின்னால் வந்தால் உதைக்கிறது. மாத்திரையை விட்டால் இருக்கை நனையும். விடாவிட்டால் பல் கொட்டும்.

சிறுநீர் டாக்டர் கடிதத்தைப் படித்துவிட்டு, “வாய் வறட்சியா? இந்த மாத்திரைக்கு வரத்தான் செய்யும். தண்ணி நிறையக் குடிங்க” என்றார்.

“தண்ணி குடிச்சா நான் எங்க போறது டாக்டர்? அதுக்குத்தானே உங்ககிட்ட வந்தேன்.”

அவர் பேனாவை மூடித் திறந்தார். “வாய் உலருதுன்னு முன்னாலேயே சொல்லியிருக்கலாமே.”

“உலரும்னு நீங்க முன்னாலேயே சொல்லியிருக்கலாமே.”

அவர் வேறு வகை மாத்திரை எழுதினார். வாயை அவ்வளவு காயவைக்காது, ஆனால் பழையது அளவுக்கு அடக்கவும் அடக்காது, இடையிடையே போய்வர வழி செய்துகொள்ளுங்கள் என்றார். இடையிடையே போய்வர வழியிருந்தால் அவள் அவரைப் பார்க்கவே வந்திருக்க மாட்டாள். அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று எழுந்துவந்தாள்.

இந்தத் தடவை மென்று மென்று, கசிந்ததைச் சேர்த்து, தன் சொந்த எச்சிலை லேபுக்குக் கொடுத்தாள். டாக்டரம்மா சொல்லிவைத்திருந்ததால் குறைவானாலும் வாங்கிக்கொண்டார்கள். அறிக்கை அவள் எதிர்பார்த்ததைவிட மோசம். சொத்தைக் கிருமி எக்கச்சக்கம், புளிப்பு அதிகம், பூஞ்சையும் உண்டு. நாக்கோரம் எரிந்தது அதனால்தான். பூஞ்சைக்கு மருந்து, பல்லுக்குத் தினமும் பூசுகிற ஒரு பசை, சர்க்கரையில்லாத சூயிங்கம். இரண்டு பல்லைப் பிடுங்கினார்கள். முன்பல்லுக்குப் பொய்ப்பல் கட்டினார்கள். அதைக் கட்டிய புதிதில் ‘ச’ சொன்னால் விசில் வந்தது. ‘சைக்கிள்’ என்று அவள் எச்சரித்தால் பழகுகிறவர்கள் போலீஸைத் தேடினார்கள்.

அடுத்த சோதனையில் பூஞ்சை போயிருந்தது. அதற்கடுத்ததில் கிருமி பாதியாகக் குறைந்திருந்தது. எச்சில் கோட்டுக்குப் பாதிவரை வந்தது. டாக்டரம்மாவுக்குத் திருப்தி. ஆனால் லேபின் கம்ப்யூட்டர் ஒவ்வொரு அறிக்கையோடும் ஒரு வரைபடம் அச்சடித்துத் தந்தது. அதில் முதல் புள்ளி வீட்டுக்காரருடையது, உச்சியில். அங்கிருந்து பாதாளத்துக்கு ஒரு சரிவு. பிறகு தவழ்ந்து தவழ்ந்து மேலேறும் மற்றப் புள்ளிகள் அவளுடையவை. அந்த முதல் புள்ளியை எடுத்துவிடுங்கள் என்று டாக்டரம்மாவும் எழுதினார், அவளும் கேட்டாள். ஒரு தடவை பதிவானால் எடுக்க வழியில்லை என்றார்கள். லேபுக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவரும் படத்தைப் பார்த்துவிட்டு, “முன்னால ரொம்ப நல்லா இருந்திருக்கே, எப்படிக் கெட்டுச்சு?” என்று பரிதாபமாகக் கேட்பார்கள். “அது வேற ஆள்” என்பாள் அவள். அவர்கள் சிரிப்பார்கள், முன்பு தானே வேறு ஆளாக இருந்ததாகச் சொல்கிறாள் என்று நினைத்து.

வாய் ஒருவழியாகச் சரியாயிற்று. வண்டி வேலைதான் சரியாகவில்லை. புதிய மாத்திரைக்கு ஏற்ற மாதிரி, இரண்டு வகுப்புக்கு ஒரு தடவை இடைவெளி வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டாள்.

“மத்தவங்க எல்லாம் ஓட்டலையா?” என்றார் அவர்.

“மத்தவங்க ஆம்பிளைங்க சார். அவங்களுக்கு ஊரெல்லாம் சுவர் இருக்கு.”

“யோசிக்கிறேன்” என்றார். யோசித்துக்கொண்டே இருந்தார். அவள் காத்திருந்து பார்த்துவிட்டு, தன் வகுப்புகளின் வழியை எல்லாம் தானே மாற்றிப் போட்டாள். எந்தத் தெருவில் பழக்கினாலும் நடுவில் பெட்ரோல் பங்க் ஒன்று வந்துவிடும். அங்கே இருந்தது சுமாரான கழிப்பறைதான், தாழ்ப்பாளைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். “இங்க பார்க்கிங் பழகிக்கோங்க, நான் வந்துடறேன்” என்று இறங்கிப் போவாள். கணக்கு டீச்சர் லைசென்ஸ் வாங்கிய பிறகு முதலாளியிடம் சொன்னாராம், “ரோட்டுல இன்னும் பயமாத்தான் இருக்கு. பெட்ரோல் பங்க்ல மட்டும் எங்க வேணாலும் நிறுத்துவேன்” என்று.

போன மாதம் ஸ்கூலில் இன்னொரு பெண் வேலைக்குச் சேர்ந்தாள், கைக்குழந்தைக்காரி. முதலாளி அவளுக்கும் காலை முதல் சாயங்காலம் வரை மூச்சுவிட நேரமில்லாமல் ஆள் ஒதுக்கியிருந்தார். பிரேக் அக்கா அதைப் பார்த்துவிட்டு அவளையும் கூட்டிக்கொண்டு ஆபீஸ் அறைக்குள் போனாள். கதவைச் சாத்தவில்லை. வெளியே உட்கார்ந்திருந்த பழகுநர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி, இரண்டு பொம்பளைகளுக்கும் இடைவெளி வேண்டும், எதற்கு என்றால் ஒண்ணுக்குப் போக என்று நேரடியாகவே சொன்னாள். முதலாளி பதறிப்போய், “மெதுவா, மெதுவா” என்றார்.

“மெதுவாச் சொல்லித்தான் சார் இத்தனை நாள் ஆச்சு.”

முதலாளி யோசிக்கிறேன் என்றார். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார். அக்கா தினமும் வண்டிச் சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்கிறாள்.